பெண் நலமே வீட்டின் நலம்

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது நம் முன்னோர் மொழி. வீட்டிலுள்ள அனைவருக்கும் அந்தச் செல்வத்தைத் தேடித் தருபவள் தாய். ஆனால் தனக்கென்று அதில் ஒரு பங்கையேனும் அவள் எடுத்து வைக்கிறாளா?

நம் மணவாள நகரில் பொழுது புலரும் முன்பே சாலையோரம் கம்பெனிப் பேருந்துக்காகப் பெண்கள் காத்து நிற்பதைப் பார்க்கிறோம். காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் முதல் ஷிப்டுக்குச் செல்பவர்கள் அவர்கள். வீட்டில் எல்லோருக்கும் சமைத்து, டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, தாங்கள் ஒரு வாய்த் தேநீரோடு புறப்பட்டு வந்தவர்கள். அவர்களுள் எங்கள் வகுப்பு மாணவியரின் அன்னையரும் அக்காமாரும் உண்டு. அவர்களை நினைத்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். பெண்ணின் வாழ்வை நான்கு பருவங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வரும் நலக்குறைவுகளைக் காண்போம்.

1. வளரும் பருவம்

சென்ற ஆண்டு பள்ளியில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் எங்கள் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எங்களுள் பலருக்கு இரத்தசோகை என்று தெரிந்தது. காலை வழிபாட்டில் நிற்கும்போது கண் இருட்டுவதும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், கணக்குப் பாடத்தில் கவனம் நிற்காததும் சோம்பலால் என்று எண்ணியிருந்தோம். இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்ததே காரணம் என்று அன்றுதான் அறிந்தோம்.

இது எங்கள் வகுப்போடு நிற்கும் குறை அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுடைய இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் நூற்றுக்கு 53 பேருக்குக் குறையவில்லை. நம் வயதினருக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். மாதவிலக்கில் இரத்தம் வெளியேறுவதாலும், வேகமாக வளரும் வயது என்பதாலும், குடற்புழுக்களாலும், சத்துக் குறைந்த உணவாலும் இந்த அளவு குறைகிறது.

பரிகாரம் நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பயறு வகைகள், நெத்திலி, ஈரல் ஆகியவற்றில் இரும்புச் சத்து உண்டு. சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் அச்சத்து உடலில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தாலோ சேராமல் போகும். வாரம் ஒருமுறை பள்ளியில் தரும் நீலநிற இரும்புச் சத்து மாத்திரையைச் சிலர் வாயில் அடக்கி வைத்து, பிறகு சன்னல் வழியே துப்பியதை நாங்கள் மறைக்கப் போவதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டபின் விழுங்கினால் குமட்டல் பெரும்பாலும் வராது. மலம் கறுத்துப் போனாலும் அஞ்சத் தேவையில்லை.

மாதவிலக்கு ஒரு நோய் அன்று, தீட்டும் அன்று. அது உடலின் இயல்பு. தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் நாள் முன்பின் ஆவது வழக்கமே. ஆனால் ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலும், பள்ளிக்கு வர முடியாத அளவு வலித்தாலும், மூன்று மாதங்களுக்கு மேல் வராமல் போனாலும் அம்மாவிடம் சொல்லி மருத்துவரைக் காண வேண்டும். நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துணி பயன்படுத்துவோர் அதைச் சோப்பிட்டுத் துவைத்து, மறைவிடத்தில் அல்லாமல் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் போக நேரிடுமே என்று தண்ணீரே குடிக்காமல் மாலை வரை இருப்பவர்கள் நம்மிலும் உண்டு, வேலைக்குப் போகும் அக்காமாரிலும் உண்டு. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் நீளம் குறைவு. ஆதலால் கிருமிகள் எளிதில் உள்ளே செல்கின்றன. நீர் குறைவாகக் குடிப்பதும் சிறுநீரை அடக்குவதும் அவற்றுக்குத் துணையாகின்றன. எரிச்சலோடு காய்ச்சலும் முதுகுவலியும் வந்தால் தாமதிக்கலாகாது.

2. தாய்மைப் பருவம்

திருமணத்துக்குச் சட்டம் விதித்துள்ள வயது பெண்ணுக்கு 18. முழுமையாக வளராத உடல் தாய்மையைத் தாங்குவது கடினம். இரத்தசோகையோடு கருவுற்றவளுக்குப் பிரசவத்தில் சிறிதளவு கூடுதலாக இரத்தம் போனாலும் உயிருக்கே ஆபத்து. ஆகவே இன்று நாம் உண்ணும் கீரை நாளைய தாய்க்கும் சேயிற்கும் சேர்த்து வைக்கும் சேமிப்பு எனலாம். கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைகால் வீக்கம், கடும் தலைவலி, கண் மங்கல், இரத்தப்போக்கு ஆகியவை எச்சரிக்கை மணிகள். அவசரத்துக்கு 108 வண்டி உண்டு. நம் திருவள்ளூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.

3. நடுத்தர வயது

எங்கள் தெருவில் எல்லோருக்கும் உதவும் ஓர் அத்தை இருக்கிறார். அவர் மார்பில் சிறு கட்டி ஒன்று இருந்தது. வலிக்கவில்லை. ஆதலால் ஓராண்டு காலம் யாரிடமும் சொல்லவில்லை. “மகளின் பரீட்சை முடியட்டும், தீபாவளி போகட்டும், சீட்டு எடுக்கட்டும்” என்று நாளைத் தள்ளினார். கடைசியில் மருத்துவரிடம் சென்றபோது, முன்பே வந்திருந்தால் சிகிச்சை இவ்வளவு கடினமாக இருந்திராது என்றார்களாம். இன்று அவர் சிகிச்சை பெற்று வருகிறார். “வலி இல்லையே என்று இருந்துவிட்டேன் அம்மா” என்று அவர் எங்களிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும்.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தங்கையும் புற்றுநோயால்தான் மறைந்தார். அந்தத் துயரத்தில் அவர் ஓய்ந்துவிடவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டு, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்நிலையத்தில் 1955-இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும் வரை அதற்கே தம் வாழ்வை அளித்தார். புற்றுநோய் என்றாலே முடிவு என்ற அச்சத்தை மாற்ற இவ்விருவரும் அரும்பாடுபட்டனர்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முற்றிலும் தடுக்கக்கூடியது. ஒரு வைரஸ் கிருமியே அதற்குக் காரணம் என்று கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கிருமிக்கு எதிரான தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போட்டுக்கொள்வது சிறந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டிலேயே தயாரான தடுப்பூசி 2023-இல் வெளிவந்தது. 30 வயதைக் கடந்த பெண்கள் அரசு சுகாதார நிலையங்களில் இதற்கான பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். சில நிமிடங்களில் முடியும் இப்பரிசோதனைக்கு வெட்கப்பட்டு உயிரை இழக்கலாமா?

4. முதுமையை நோக்கி

45 வயதிலிருந்து 55 வயதிற்குள் மாதவிலக்கு நிற்கிறது. உடல் திடீரெனச் சூடாதல், வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல் ஆகியவை வரலாம். அம்மா காரணமின்றிக் கோபிக்கிறார் என்று முணுமுணுக்கும் நாம், அவர் உடலில் நிகழும் மாற்றத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் இரத்தம் பட்டால், ஒரு துளியாயினும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இப்பருவத்தில் எலும்பும் மெலிகிறது. பாட்டி வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிவது இதனால்தான். எலும்பு உறுதிப்படும் காலமோ நம் வயதுதான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கும் அதிகமான சுண்ணாம்புச் சத்து உண்டு. கூழை ஏளனம் செய்யாதீர்கள், தோழியரே! தினமும் சற்று வெயிலில் நடப்பதும் ஓடியாடி விளையாடுவதும் எலும்புக்கு உறுதி தரும்.

நாம் செய்யக் கூடியவை

நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவர் அம்மா. கடைசியாக மருத்துவரிடம் போகிறவரும் அம்மாதான். இந்த வரிசையை நாம் மாற்றலாம். இரவு உணவுக்கு அம்மாவையும் நம்மோடு உட்கார வைப்போம். “உங்களுக்குக் கடைசியாக எப்போது இரத்தம் பரிசோதித்தார்கள்?” என்று இன்றே கேட்போம். தந்தையரும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறோம். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தயங்கும் அம்மாவை, நீங்கள்தான் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். வீடென்னும் சித்திரத்துக்குச் சுவர் பெண்ணின் உடல்நலம். வெட்கத்தை விட்டு, நோயை மறைக்காமல், காலத்தில் சொல்லி நலம் பெறுவோம் என்று உறுதி கொள்வோமாக!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு