வாயில் நுழையாத மருத்துவப் பெயரா?

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கோலிசிஸ்டெக்டமி' என்று இருந்தால் மிரளாதீர்கள். பென்சிலை எடுத்து, வால் பக்கமிருந்து கோடு போட்டுப் பிரியுங்கள். கிரேக்கத்திலிருந்து வந்த இந்தப் பெயர்களில் விஷயம் பெரும்பாலும் கடைசித் துண்டில்தான் இருக்கும். 'எக்டமி' வெட்டி எடுப்பது. 'ஐட்டிஸ்' அழற்சி. 'ஸ்கோப்பி' உள்ளே பார்ப்பது. மிச்சமிருக்கும் 'கோலி' பித்தம், 'சிஸ்ட்' பை. ஆக, பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்! கோ-லி-சிஸ்-டெக்-ட-மி என்று கூட்டி, 'டெக்'கை அழுத்திச் சொல்லுங்கள்; நாலு தரம் சொன்னால் பழகிவிடும்.

ஆங்கில எழுத்தில் 'சி.எச்.' வந்தால் இவற்றில் பெரும்பாலும் 'க' ஒலிதான். நிமோனியா, சொரியாசிஸ் இரண்டிலும் முதலில் நிற்கும் 'பி' ஊமை.

ஒரே ஒரு இடத்தில் அலட்சியம் கூடவே கூடாது. 'ஹைப்பர்' என்றால் அதிகம், 'ஹைப்போ' என்றால் குறைவு. 'ஹைப்போகிளைசீமியா', அதாவது ரத்தத்தில் சர்க்கரை குறைந்த நிலை, வந்தவர் நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். 'ஹைப்பர்' என்றால் அதுவே கெடுதல். போனில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் பெயரோடு நிறுத்தாமல், "சர்க்கரை இறங்கிடுச்சு" என்று தமிழிலும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.