படகு எஞ்சினின் வெப்பநிலை மீற்றர் தளம்புவது ஏன்?

பாடத் தொடர்பு: தடை, தொடரிணைப்பு, தன்வெப்பக் கொள்ளளவு

பல நாள் மீன்பிடிக் கலமொன்று ஆழ்கடலில் செல்கிறது. 80 பாகை செல்சியசில் நின்ற வெப்பநிலை மீற்றரின் ஊசி திடீரென 40 இற்கு விழுகிறது. அடுத்த கணம் மீண்டும் 80 இற்கு வருகிறது. “மீற்றர்தான் பழுது” என்று கூறி ஓட்டி தொடர்ந்து செல்லலாமா? நீங்கள் கற்ற பௌதிகத்தைக் கொண்டு விடை காண்போம்.

1. எஞ்சின் கணத்தில் குளிருமா?

எஞ்சினில் 100 கிலோகிராம் இரும்பு உள்ளதெனக் கொள்வோம். இரும்பின் தன்வெப்பக் கொள்ளளவு ஏறத்தாழ 460 அலகு. வெப்பநிலை 40 பாகை குறைய வெளியேற வேண்டிய வெப்பம்:

100 × 460 × 40 = 1,840,000 யூல்

இவ்வளவு வெப்பம் ஒரு செக்கனில் வெளியேற முடியாது. எனவே ஊசி துள்ளினால் பெரும்பாலும் மின்சுற்றிலேயே குறை உண்டு. ஊசி படிப்படியாக ஏறினால் எஞ்சின் உண்மையாகவே சூடாகிறது எனக் கொள்ளுங்கள்.

2. மீற்றர் எதனை அளக்கிறது?

எஞ்சினில் பொருத்தப்பட்ட உணரி ஒரு வெப்பத்தடையி ஆகும். வெப்பநிலை கூட அதன் தடை குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகை உணரியின் அண்ணளவான பெறுமானங்கள்:

- 40 பாகையில் 290 ஓம்
- 80 பாகையில் 70 ஓம்
- 100 பாகையில் 38 ஓம்

மீற்றருக்கு எஞ்சினின் சூடு தெரியாது. உணரி, வயர், தொடுப்புகள் ஆகியவற்றின் மொத்தத் தடையே அதற்குத் தெரியும்.

3. மறைந்திருக்கும் ஆபத்து

உப்புக்காற்றினால் வயர்முனையில் பச்சைக் களிம்பு படிந்து, அங்கு 32 ஓம் தடை உண்டாகியுள்ளது. எஞ்சினின் உண்மையான வெப்பநிலை 100 பாகை.

மொத்தத் தடை = 38 + 32 = 70 ஓம்

மீற்றர் 80 பாகையையே காட்டும்! எஞ்சின் கொதிநிலையை நெருங்கியும் ஓட்டி அறியமாட்டார். ஆகவே தளம்பும் மீற்றரை அலட்சியம் செய்தல் கூடாது.

4. குறையைக் கண்டறியும் ஒழுங்கு

(அ) முதலில் குளிர்த்தும் கடல்நீர் வெளியேறுகிறதா எனப் பாருங்கள். இல்லையெனில் எஞ்சினை நிறுத்த வேண்டும்.

(ஆ) மற்ற மீற்றர்களும் சேர்ந்து தளம்பினால், அல்லது விளக்கைப் போடும்போது ஊசி அசைந்தால், பொதுவான ஏர்த் வயரையும் மின்வழங்கலையும் சோதிக்க.

(இ) இம்மீற்றர் மட்டும் தளம்பினால் உணரியின் வயரைக் கழற்றுக. ஊசி குளிர்ப்பக்கம் செல்ல வேண்டும். அவ்வயரை எஞ்சினின் உலோகத்தில் கணநேரம் தொட்டால் ஊசி சூட்டுப்பக்கம் செல்ல வேண்டும். இரண்டும் சரியெனில் மீற்றரும் வயரும் நல்லவை; உணரியையே சந்தேகிக்க.

(ஈ) ஒற்றை வயர் உணரி எஞ்சின் உலோகத்தின் ஊடாகவே சுற்றைப் பூர்த்தி செய்கிறது. அதன் புரியில் நாடா தடிப்பாகச் சுற்றப்பட்டிருந்தால் தொடுப்பு கெடலாம்.

நினைவிற் கொள்க: குளிர்த்தும் நீர் குறைந்து உணரியைச் சுற்றிக் காற்று சேர்ந்தாலும் ஊசி தளம்பலாம். எஞ்சின் ஆறிய பின்னரே மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பாருங்கள்.

பயிற்சி

1. உணரியின் வயர் முற்றாக அறுந்தால் ஊசி எப்பக்கம் செல்லும்? ஏன்?
2. அவ்வயரின் காவலி தேய்ந்து எஞ்சினில் முட்டினால் ஊசி எப்பக்கம் செல்லும்?

விடைகள்

1. குளிர்ப்பக்கம். சுற்று திறந்துள்ளதால் உணரியினூடாக மின்னோட்டம் பாயாது. இது மிகப் பெரிய தடைக்குச் சமன்.
2. சூட்டுப்பக்கம். குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தடை ஏறத்தாழப் பூச்சியமாகும்.