ஆடியில் வாங்கி தீபாவளிக்கு விற்கலாமா?

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் புடவைகளை மொத்தமாக வாங்கி வைத்து, தீபாவளி நேரத்தில் வீட்டிலிருந்தே விற்றால் லாபம் நிற்குமா?
– வாசகி, மதுரை

பதில்: வாங்கும் இடம் சரியாக இருந்தால் நிற்கும். சில்லறைக் கடையின் தள்ளுபடி விலையிலும் பெரும்பாலும் கடைக்காரரின் லாபம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைவிட ஈரோடு ஜவுளிச் சந்தை, சேலம் இளம்பிள்ளை போன்ற இடங்களில் மொத்த விலையை விசாரியுங்கள்.

அடுத்தது கணக்கு. 300 ரூபாய் வீதம் 100 புடவை எடுத்தால் முதல் 30,000 ரூபாய். 400 ரூபாய்க்கு விற்றாலும், 75 புடவை போன பிறகுதான் போட்ட பணம் கைக்கு வரும். மீதி 25 புடவைதான் லாபம். வண்டிக்கூலி, வராத கடன் பாக்கி, கறைபட்டு ஒதுங்கியவை எல்லாம் அதில்தான் கழியும்.

உள்மாநில விற்பனைக்கு, ஆண்டு வரவு 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆனாலும் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

முதல் தடவை 20 புடவை போதும். தெரிந்தவர்களிடமும் ரொக்கத்துக்கே விற்றுப் பழகுங்கள். நகையை அடகு வைத்து மட்டும் சரக்கு எடுக்காதீர்கள்.