தாராளமாக என்று ஒரு வார்த்தை

கிழக்குத் தாம்பரத்தில் முப்பத்தைந்து வருஷங்களாகக் குடியிருந்து, அவற்றில் இருபத்தெட்டைத் தமிழ் போதிப்பதில் கழித்து ஓய்வுபெற்ற எனக்கு, வார்த்தையை அளந்து உபயோகிக்க வேண்டும் என்று பிறர் சொல்லித்தரும்படி நேர்ந்திருக்கக் கூடாது. ஆயினும், என் தாயாரின் தையல் மிஷினை விற்கப்போய், கைபேசியில் நான் தட்டி அனுப்பிய ஒரே ஒரு சொல்லின் பொருட்டு மூவாயிரம் ரூபாயும் ஒன்றரை மாதத்து நிம்மதியும் இழந்தேன். உங்கள் வீட்டிலும் அப்படியொரு மிஷின் பழைய புடவை போர்த்தி மூலையில் நிற்கும். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். இடத்தை அடைக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆகையால்தான் இதை எழுதுகிறேன்.

அது உஷா கால் மிஷின். 1964-இல் அம்மா தவணை கட்டி வாங்கியது. வார்ப்பிரும்பு ஸ்டாண்டும் தேக்குப் பலகையும் அப்படியே இருந்தன. ஏழாயிரம் ரூபாய் கேட்டேன். அது அதிகம் என்று என் தம்பி இன்றைக்கும் சொல்கிறான். மாதம் தவறாமல் எண்ணெயிட்டுக் காப்பாற்றிய பொருளுக்கு அது அதிகமே அல்ல என்பது என் அபிப்பிராயம், அதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. படமெடுத்தது, விளம்பரம் போட்டது, பாதி விலைக்குக் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னது ஆகியவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் தையற்கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் வாங்க வந்தார். வருவதற்கு முன் காலையில், "டீச்சர், எடுத்துட்டுப் போனப்புறம் ஏதாவது ப்ராப்ளம்னா என்ன பண்றது?" என்று செய்தி அனுப்பியிருந்தார். அதற்கு நான், "குறை இருந்தால் தாராளமாகத் திருப்பித் தாருங்கள், பணத்தைக் கொடுத்துவிடுகிறேன்" என்று பதில் எழுதினேன். அவர் வந்து, நூல் கோத்து, துண்டுத் துணியில் நான்கு வரி தைத்துப் பார்த்து, பரம திருப்தியுடன் பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டுக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்தப் பதிலைப் பிற்பாடு நான் நூறு தடவையாவது படித்திருப்பேன். எத்தனை நாளைக்குள் திருப்பித் தரலாம் என்று அதில் இல்லை. எந்த நிலையில் தரவேண்டும் என்று இல்லை. குறை என்றால் நான் கொடுத்தபோதே இருந்த குறையா, அவர் கைக்குப் போனபின் உண்டான குறையா என்றும் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லும் வழக்கத்தாலும், ஒரு பிள்ளையின் வயதில் இருப்பவரிடம் நிபந்தனை பேசுவதா என்ற தாட்சண்யத்தாலும், எல்லையற்ற ஒரு வாக்குறுதியை எழுத்து மூலமாகக் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

இருபத்துமூன்றாம் நாள் அவர் ஆட்டோவில் வந்து, சாக்கில் சுற்றிய மிஷினின் தலையை மட்டும் திண்ணையில் இறக்கினார். நூல் அறுந்துகொண்டே இருக்கிறதாம், சத்தம் தாங்கவில்லையாம், முழுப் பணமும் வேண்டுமாம். சாக்கைப் பிரித்தேன். மோட்டார் பொருத்துவதற்காக உடம்பில் இரண்டு துளைகள் போட்டிருந்தது. கைச்சக்கரத்தைக் கழற்றி வேறொன்று மாட்டியிருந்தது. உள்ளே ஷட்டிலும் பாபின் கேஸும் எங்களுடையவை அல்ல. மனிதக் கால் மிதிக்கும் வேகத்துக்கே அறுபது வருஷமாகப் பழகிய இயந்திரத்தை மோட்டாரின் வேகத்தில் ஓட்டிவிட்டு, நூல் அறுகிறது என்று என்னிடம் புகார் சொல்வது எந்த ஊர் நியாயம்?

"ஸ்டாண்டும் பலகையும் எங்கே, தம்பி?" என்றேன்.

"பலகைய மோட்டாருக்கு ஏத்த மாதிரி வெட்டிட்டோம் டீச்சர். ஸ்டாண்ட் தேவைப்படல, பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன்."

"அப்படியானால் முழுப் பணம் எப்படித் தருவது?"

"நீங்கதானே தாராளமாத் திருப்பித் தரலாம்னு எழுதினீங்க?"

தலையையாவது அன்றைக்கே அவருடன் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அம்மாவின் கை பட்ட பொருளாயிற்றே என்று உள்ளே எடுத்து வைத்தேன். பிறகு தினமும் செய்திகள் வந்தன. போலீசில் புகார் கொடுப்பதாகவும் சொன்னார். "கொடுத்துத் தொலை அக்கா, மானம் போகிறது" என்றான் தம்பி. அந்த மிஷினில் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் அவன் கல்லூரிக்குப் போனான் என்பதை அவனுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

எங்கள் தெருமுனையில், உங்கள் தெருவிலும் இருப்பதைப் போல, ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவர் 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தை எடுத்து 42-ஆம் பிரிவைக் காட்டினார். விற்றவர் இன்னமும் சொந்தக்காரர் என்பதற்கு முரணான காரியம் எதையேனும் வாங்கியவர் அந்தப் பொருளின் மேல் செய்துவிட்டாலும், வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலும், அதை அவர் ஏற்றுக்கொண்டதாகவே கருத வேண்டும் என்பது அதன் சாரம். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாட்டில் கொடுத்த பொருளுக்கும் 24-ஆம் பிரிவு இருக்கிறது. வாங்கியவர் அந்த வியாபாரத்தை ஏற்பதாகக் காட்டும் காரியம் ஒன்றைச் செய்துவிட்டால் பொருள் அவருடையதாகிவிடுகிறது. துளை போடுவதையும், பலகையை வெட்டுவதையும், ஸ்டாண்டை எடைக்குப் போடுவதையும்விடப் பெரிய காரியம் வேறென்ன வேண்டும் என்று வக்கீல் கேட்டார்.

சட்டம் என் பக்கம் இருந்தது வாஸ்தவம். ஆனால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அந்த இளைஞருடைய மாமாவும் எங்கள் தெருப் பெரியவர்கள் இருவரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அங்கே அந்த இளைஞர் கைபேசியை எடுத்து என் வாக்கியத்தை உரக்கப் படித்தார். தமிழ் ஆசிரியை எழுதியது ஆகையால், அந்தத் 'தாராளமாக'வுக்கு வேறு அர்த்தம் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஷட்டில் மாற்றப்பட்டது என்று நான் சொன்னதற்கும் சாட்சி கிடையாது. மிஷினில் பொறித்த எண்ணைப் படமெடுத்திருந்த நான், தலையைச் சாய்த்து அடிப்பாகத்தைப் படமெடுக்கவில்லை. கடைசியில் மூவாயிரம் கொடுத்து, கணக்குத் தீர்ந்தது என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். முழுத் தொகையையும் கொடுத்திருந்தால் என்னை நான் மன்னித்திருக்க மாட்டேன். ஒன்றுமே கொடுக்காதிருந்தால் என் எழுத்துக்கு மதிப்பில்லாமல் போயிருக்கும். இன்றைக்கும் அதுதான் என் கட்சி.

ஆகவே, உங்களிடம் வாங்க வருபவர் அதே கேள்வியைக் கேட்டால், என் வாக்கியத்தை எழுதாதீர்கள். இதை எழுதுங்கள்: 'மூன்று நாளைக்குள், எந்தப் பாகத்தையும் கழற்றாமல், மாற்றாமல், துளையிடாமல், கொடுத்த சாமான் அத்தனையுடனும் கொண்டுவந்தால் மட்டுமே பணம் திரும்பும்.' அதற்கு அவர் 'சரி' என்று பதில் அனுப்பிய பிறகே வண்டியில் ஏற்ற விடுங்கள். அடிப்பாகத்தையும் பாபின் கேஸையும் படமெடுத்து, அவர் தைத்துப் பார்ப்பதையும் அவர் சம்மதத்துடனேயே வீடியோவாக எடுத்து வையுங்கள். கெட்ட எண்ணம் இல்லாதவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். திருப்பிக் கொண்டுவருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, சாக்கைப் பிரித்துப் பார்த்து முடிக்கும்வரை உள்ளே ஒரு சாமானையும் வாங்கி வைக்காதீர்கள்.

மோட்டாருக்குப் போட்ட துளைகளுடன் அந்தத் தலை இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பொருந்தும் ஸ்டாண்ட் ஒன்றைத் தேடிப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மூன்று வாரங்கள் போய் வந்தேன், இன்னும் கிடைக்கவில்லை.