வெள்ளப் படகின் இஞ்சின் கிளம்பாவிடில்

2015 டிசம்பரில் சென்னையும் 2018 ஆகஸ்டில் கேரளமும் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து ஏராளமான மக்களைக் கரைசேர்த்தனர். அவை அன்றாடம் கடலில் ஓடும் படகுகள். ஊராட்சியின் பொறுப்பில் பத்து மாதம் கொட்டகையில் கிடந்து, மழை கொட்டும் இரவில் தேடப்படும் படகின் நிலை வேறு. ஆகவே, பின்புறம் மாட்டும் பெட்ரோல் இஞ்சினில் நேரும் பழுதுகளை ஊராட்சி உறுப்பினர்களும் படகோட்டும் இளைஞர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஓடும் நீரின் நடுவே இஞ்சின் நின்றுவிட்டால், அதன் மூடியைத் திறப்பதற்கு முன் நங்கூரம் இடுக. அல்லது படகின் முன்முனைக் கயிற்றை உறுதியான மரத்தில் கட்டுக. பின்புறத்தைக் கட்டினால் நீர் படகினுள் ஏறிவிடும்.

கயிற்றை இழுத்து இழுத்துக் கை சலித்த பின்னரே பலரும் காரணத்தை ஆராயத் தொடங்குகின்றனர். இழுக்குமுன் பார்க்க வேண்டியவை மிக எளியவை. இஞ்சினை நிறுத்துவதற்கென உள்ள சிவப்புக் கயிற்றின் கொக்கி தன் இடத்தில் மாட்டப்பட்டுள்ளதா? கியர் நடுநிலையில் உள்ளதா? பெட்ரோல் தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருப்பின், சிறிது தூரம் ஓடிய இஞ்சின் எண்ணெய் வராமல் திணறி நின்றுவிடும். குழாயின் நடுவிலுள்ள ரப்பர் குமிழை அழுத்தினால் அது கெட்டிப்பட வேண்டும். கெட்டிப்படாவிடில் எங்கோ காற்று நுழைகிறது என்று கொள்க.

இவையாவும் சரியாக இருந்தும் கிளம்பவில்லையெனில், பழைய பெட்ரோலையே முதலில் ஐயுற வேண்டும். இக்காலப் பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. நாட்பட நின்றால் நீர் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும்; கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின் படியும். கண்ணாடிக் குப்பியில் சிறிது பிடித்து நிறுத்தி வைத்துப் பார்த்தால் அடியில் நிற்கும் நீர் தெரிந்துவிடும். அந்தப் பெட்ரோலை நீக்கிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக் இஞ்சினாயின், கையேட்டில் கூறிய அளவே ஆயில் கலத்தல் வேண்டும், கண்ணளவு உதவாது.

அடுத்து ஸ்பார்க் பிளக். கழற்றிப் பார்க்கையில் அது நனைந்திருப்பின் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்பது பொருள்; துடைத்து உலர்த்தி, சோக்கை விலக்கிவிட்டு இழுக்க வேண்டும். உலர்ந்திருப்பின் பெட்ரோலே வந்து சேரவில்லை. தீப்பொறி வருகிறதா என்று படகிலேயே சோதித்தல் ஆபத்து. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். புதிய பிளக்கை மாற்றிப் பார்ப்பதே நன்று.

இஞ்சின் ஓடும்போது பின்புறத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை பாய்ந்துகொண்டிருக்கும். அது நின்றால் உடனே இஞ்சினை நிறுத்துக. இல்லாவிடில் சூடேறி உட்பகுதி இறுகிவிடும். நீர் புகும் சல்லடையில் ஆகாயத்தாமரையோ பாலிதீனோ அடைத்திருக்கலாம். அதை அகற்றியபின் தாரை வெளிவரும் துளையை மெல்லிய கம்பியால் குத்திவிடுக. அப்போதும் நீர் வராவிடில் உள்ளிருக்கும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். அதை மாற்றுவது மெக்கானிக்கின் வேலை. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் கொட்டகையிலேயே நீரின்றி இஞ்சினை ஓட்டிக் காட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த ரப்பர்ச் சக்கரத்தைக் கெடுக்க அதைவிட விரைவான வழி வேறில்லை!

இஞ்சின் இரைந்தும் படகு நகராவிடில், நீரைத் தள்ளும் விசிறியைப் பார்க்க வேண்டும். சிறிய இஞ்சின்களில், விசிறி எதிலாவது மோதினால் அதன் ஊசி முறிந்து கியரைக் காக்கும். மாற்று ஊசி இருந்தால் சற்று நேர வேலைதான். வெள்ளத்தில் வேலிக் கம்பியும் துணியும் சுற்றிக்கொள்வதும் உண்டு. இஞ்சினை நிறுத்தி, சிவப்புக் கொக்கியைக் கழற்றிய பின்னரே அங்கு கை வைக்க வேண்டும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது.

மாதம் ஒருமுறை இஞ்சினின் கீழ்ப்பகுதியைத் தண்ணீர்ப் பீப்பாயில் அமிழ்த்திப் பத்து நிமிடம் ஓட்டுவதும், பின்னர்க் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானே நிற்கும்வரை விடுவதும் ஊராட்சி செய்யக்கூடியவை. ஓட்டிய தேதியைப் பதிவேட்டில் எழுதுக. இரண்டு பிளக்குகள், பிளக் ஸ்பானர், விசிறி ஊசி, மெல்லிய கம்பி, இரண்டு துடுப்புகள் ஆகியவை படகிலேயே இருக்க வேண்டும். கொட்டகைச் சாவி எவரிடம் உள்ளது என்பது ஊரில் குறைந்தது மூவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.