பாடம் 12: குட்டானுக்குள் என்ன இருக்கிறது?

பிள்ளைகளே, பிராங்பேர்ட்டில் தமிழ்க் கடைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே சில நேரம் ஓலையால் இழைத்த சின்னக் குட்டான்களைக் காணலாம். அதற்குள் இருக்கும் மண்ணிற இனிப்புத்தான் பனங்கட்டி.

இலங்கையில், யாழ்ப்பாணப் பக்கம் பனைகள் நிறைய உண்டு. சீவல் தொழிலாளி பனையில் ஏறி, பாளையைச் சீவி, முட்டியைக் கட்டுவார். இனிப்பான நீர் சொட்டுச் சொட்டாக முட்டிக்குள் விழும். அதை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும்.

அப்போ என்ன செய்வது? என் அம்மம்மா சொன்னார்:

"முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசோணும். பூசாட்டி கள்ளாப் போயிடும். கூடிப்போனா ருசி கெட்டிடும்."

"எவ்வளவு பூசோணும், அம்மம்மா?"

"அது சீவுறவரின்ர கைக்குத் தெரியும்!"

சுண்ணாம்பு பூசிய முட்டியில் சேரும் இனிப்பு நீர் கருப்பணி. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி.

காரணம் இதுதான். ஈஸ்ட் சீனியை மதுவாக மாற்றும். ஜேர்மன் மொழியில் ஹெஃபே என்கிறோமே, அதுதான். பாண் மாவைப் பொங்க வைப்பதும் அதுவே. சுண்ணாம்பு இருந்தால் ஈஸ்ட் நன்றாக வளராது. ஈஸ்டைக் கண்ணால் காண முடியாது. ஆனாலும் நம் முன்னோர் அதைத் தடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள்!

1978இல் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை தொடங்கியது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. இன்று பனம்பொருட்கள் பொதி செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கும் வருகின்றன. ஆனால் பனை ஏறத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள்.

நான் கணினி வேலை செய்கிறேன். எங்கள் வேலையில், செய்முறையை எழுதி வைக்காவிட்டால், தெரிந்தவர் போனதும் அது தொலைந்துவிடும். கைக்குத் தெரிந்ததும் அப்படித்தான். அதனால் அம்மம்மா சொன்னதை இங்கே எழுதினேன். நீங்களும் கேளுங்கள், எழுதுங்கள்.

சொற்பொருள்
குட்டான் – சின்ன ஓலைப் பெட்டி
முட்டி – சின்ன மண்பானை
பாளை – பனையின் பூ வரும் பகுதி

பயிற்சி
1. முட்டிக்குள் ஏன் சுண்ணாம்பு பூசுகிறார்கள்?
2. "பூசோணும்", "கெட்டிடும்" – இவற்றை எழுத்துத் தமிழில் எழுதுக.
3. வீட்டில் பெரியவர் ஒருவரிடம் ஒரு கைவேலையைப் பற்றிக் கேட்டு, ஐந்து வசனம் எழுதுக.