பந்தலை அடைக்கலாம், காற்றை அடைக்காதீங்க

கொல்லையில் பத்துக்குப் பத்தடியில் ஒரு பாகல் பந்தல். மறைவாக உட்காரலாமேன்னு நாலு பக்கமும் பச்சை வலையை இழுத்துக் கட்டினேன். உள்ளே ஒரே புழுக்கம். பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பூச்சியென்று நினைத்து வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தேன், பலனில்லை. உள்ளே பூத்த பூக்களுக்குத் தேனீ வர வழியே இல்லை! வங்கியில் முப்பது வருசம் கணக்குப் பார்த்தவன், தேனீயைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வலையை அவிழ்த்துவிட்டு இப்போது இப்படிச் செய்திருக்கிறேன்:

மேற்கு: மாலை வெயில் பக்கம் என்பதால் முழு மறைப்பு. தென்னை ஓலையை ஊறவைத்து முடைந்து, மூங்கில் சட்டத்தில் கட்டிய படல்.

தெற்கு: ஆடியில் ஊன்றிய அவரையைக் கயிற்றில் ஏற்றினேன். மறைப்பும் ஆச்சு, காயும் ஆச்சு.

வடக்கு: இடுப்புயரப் படல் போதும்.

கிழக்கு: திறந்தே இருக்கட்டும். காலையில் தேனீ வரும் வாசல் அது.

படலுக்கு மேலே ஓரடி இடைவெளி விடுங்க, சூடு வெளியேறும். அடியில் அரையடி தூக்கிக் கட்டுங்க; மண்ணில் பட்டால் கரையான் ஏறும். தேங்காய் நார்க் கயிற்றில் உருவு முடிச்சு போட்டால், புயல் எச்சரிக்கை வந்ததும் படலைக் கழற்றி வைத்துவிடலாம், பந்தல் தப்பிக்கும்.

அடைக்கும் முன் ஒருநாள் முழுக்கப் பந்தலடியில் உட்கார்ந்து, வெயிலும் காற்றும் எந்தப் பக்கம்னு பாருங்க. அதற்குச் செலவே இல்லை.